பெயரில்லாமல் போன சரக்கு

அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் பூட்டு இருந்தது, சாவி இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போன மத்தியானம், அப்பா சுத்தியலோடு வந்தார். "ரெண்டு போடு போட்டா கழண்டு விழுந்துரும்." நான்தான் தடுத்தேன். பெரிய வரலாற்று உணர்வெல்லாம் கிடையாது. பூட்டு பார்க்க அழகாக இருந்தது, அவ்வளவுதான். உள்ளங்கை அகலம். ஒரு பக்கம் லேசாகக் கூரான மாங்காய் வடிவம். தூக்கினால் அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும் போலக் கனம். சாவித் துவாரத்தின் மேல் ஒரு சின்ன மூடித் தகடு. அதைத் தள்ளியதில் என் நகம்தான் உடைந்தது.

நான் பெங்களூரில் சாஃப்ட்வேர் எழுதுகிறவன். யார் எதைத் திறக்கலாம், யார் திறக்கக் கூடாது என்று தீர்மானிக்கும் நிரல்கள்தான் என் வேலையில் பாதி. பாஸ்வேர்டு மறந்துபோனவருக்கு ஒரு லிங்க் அனுப்பினால் காரியம் முடிந்தது. இங்கே லிங்க் அனுப்ப ஆள் இல்லை. பெட்டியை டிவிஎஸ் ஃபிப்டியின் முன்னால் வைத்துக் கயிறு போட்டுக் கட்டி, நாகல் நகர் பக்கம் கிளம்பினேன். திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்தவன் நான். முப்பத்தைந்து வயதில்தான் முதல்முறையாக ஒரு பூட்டுப் பட்டறையைத் தேடிப் போகிறேன் என்பது பாதி வழியில்தான் உறைத்தது.

நாலு பேரிடம் விசாரித்துப் போய்ச் சேர்ந்த இடத்தில் போர்டு இல்லை. வீட்டு முன்வாசலில் ஒரு வைஸ், சின்னதும் பெரியதுமாக அரங்கள், ஒரு சிம்னி விளக்கு. பெரியவருக்கு எழுபது வயது இருக்கும். பூட்டைப் பார்த்ததும், "இது நம்ம ஊரு சரக்குதேன் தம்பி" என்றார். நுனி வளைந்த கம்பி ஒன்றை உள்ளே விட்டு ஏதோ தந்தியை மீட்டுவதுபோல மீட்டினார். டிக், டிக் என்று எட்டு சத்தம். "எட்டு லீவரு."

"யாரு செஞ்சதுங்கய்யா?"

பூட்டைத் திருப்பினார். தேய்ந்துபோன ஒரு முத்திரை. "இது யாவாரியோட மார்க்கு. அடிச்சவன் பேரு எங்கிட்டுப் போட்டுருக்கப் போறாங்க."

மூன்று நாள் கழித்து வரச் சொன்னார். அந்த மூன்று நாளும் அவர் சொன்ன அந்த வாக்கியம்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஊர் எதை எதையோ செய்து வெளியே அனுப்பியிருக்கிறது. அதில் எதெல்லாம் இந்த ஊரின் பெயரோடு போனது?

*

பெரியவர் பழைய பூட்டு ஒன்றின் வயிற்றைத் திறந்து காட்டினார். மெல்லிய பித்தளைத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றையும் ஒரு ஸ்பிரிங் கீழே அழுத்திப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வெட்டு. சாவியைத் திருப்பும்போது அதன் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் ஒவ்வோர் உயரத்துக்குத் தூக்குகின்றன. எல்லா வெட்டுகளும் ஒரே கோட்டில் வந்து நின்றால்தான் தாழ் நகரும். ஒரே ஒரு தகடு கொஞ்சம் குறைவாக எழுந்தாலும் திறக்காது. கொஞ்சம் கூடுதலாக எழுந்தாலும் திறக்காது. இந்தக் 'கூடுதலாக' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதற்கு முந்தைய பூட்டுகளில் உள்ளே இருப்பதை எப்படியாவது தூக்கிவிட்டால் போதும். எவ்வளவு தூக்கினோம் என்ற கேள்வி கிடையாது. அளவு மீறித் தூக்கினாலும் தடுக்கும் பூட்டுக்கு 1778-ல் இங்கிலாந்தில் ராபர்ட் பேரன் காப்புரிமை வாங்கினார். 1818-ல் ஜெரமையா சப், யாராவது தப்பான சாவி போட்டால் அப்படியே இறுகி நின்று சொந்தக்காரருக்குக் காட்டிக்கொடுக்கும் பூட்டைச் செய்தார். 1851-ல் லண்டனில் மாபெரும் பொருட்காட்சி நடந்த சமயம், ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அதையும் திறந்து காட்டி ஊரையே கலக்கினார்.

தகடு ஒன்றுக்கு ஐந்து உயரங்கள் என்று வைத்துக்கொண்டாலே எட்டு தகடுக்கு 3,90,625 சேர்க்கைகள் வருகின்றன. நாம் உயிரைப் போல ஒளித்து வைக்கும் நாலு இலக்க ஏடிஎம் பின்னுக்குப் பத்தாயிரம்தான். பெரியவரிடம் இதைச் சொன்னேன். "அப்புடியா" என்றார். பெரிதாக ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

இந்தத் தொழிலைத் திண்டுக்கல்லில் தொடங்கி வைத்தவர்கள் சங்கரலிங்க ஆசாரி சகோதரர்கள் என்பது ஊரில் வழங்கும் வரலாறு. சுமார் நூற்றைம்பது வருடம் என்கிறார்கள். அப்படியென்றால் 1870-களை ஒட்டி வருகிறது. இந்தக் காலக்கணக்கு எனக்கு முக்கியமாகப் படுகிறது. திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் வந்தது 1875-ல். பூட்டு வீட்டுக்கான பொருள் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஊருக்குள் நாலு பேருக்கு நாலு பேரைத் தெரிந்திருக்கும்வரை வீட்டுக்குப் பூட்டு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. சரக்கு முன்பின் தெரியாத கைகளுக்குப் போகும்போதுதான் பூட்டுக்கு வேலை வருகிறது: கோடவுன், கல்லாப்பெட்டி, வண்டியில் ஏறும் டிரங்குப் பெட்டி. ரயில் வந்ததால்தான் பூட்டு வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ரயில் வந்ததால்தான் பூட்டு நிலைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

வடக்கே அலிகாரின் கதை வேறு. ஜான்சன் அண்ட் கோ என்ற கம்பெனி 1870-ல் இங்கிலாந்திலிருந்து பூட்டுகளை இறக்குமதி செய்து விற்றது. 1890-ல் அங்கேயே செய்ய ஆரம்பித்தது. அங்கே முதலில் கம்பெனி, பிறகு தொழிலாளி. இங்கே முதலில் ஆசாரி. பெரிய கம்பெனி கடைசிவரை வரவே இல்லை. நாகல் நகர், நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி, யாகப்பன்பட்டி என்று வீடு வீடாகப் பரவிய வேலை இது. இன்னதுதான் என்றில்லை: மாங்காய்ப் பூட்டு, சாவியைத் திருப்பும்போது மணி அடிக்கும் மணிப் பூட்டு, அலமாரிப் பூட்டு, கோயில் உண்டியல் பூட்டு. தொழிலாளர்களுக்கென்று கூட்டுறவுச் சங்கமும் வந்தது. ஆனால் மெஷினில் அடித்துத் தள்ளும் அலிகார் பூட்டின் விலைக்கு, அரத்தைப் பிடித்து ராவும் கை எப்படிப் போட்டி போடும்? போதாததற்கு இந்தப் பூட்டுகள் கெட்டும் போவதில்லை. ஒருமுறை வாங்கியவன் மறுமுறை கடைக்கு வர மாட்டான். எங்கள் தொழிலில் இப்படி ஒரு பொருளைச் செய்தால் மேனேஜர் கூப்பிட்டு, சந்தா முறைக்கு மாற்று என்பார்.

2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர் பெயரை இனி வேறு யாரும் போட்டுக்கொள்ள முடியாது. செய்தி வந்த அன்று ஆபீஸ் வாட்ஸப் குழுவில் நானும் பெருமையாகப் பகிர்ந்தேன். பெரியவரின் இரண்டு மகன்களும் அதற்குப் பல வருடம் முன்பே வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள்.

*

இரண்டாம் நாள் மலைக்கோட்டை ஏறினேன். திண்டு போலக் கிடக்கும் கல், அதனால் திண்டுக்கல். கோட்டையின் கதையை இங்கே எழுதப் போவதில்லை. நாயக்கர்கள் கட்டினார்கள், 1755-ல் ஹைதர் அலி இங்கே ஃபவுஜ்தாராக வந்தார், கை மாறி கை மாறி 1790-ல் கும்பினியிடம் விழுந்தது. மிச்சத்தை வாசலில் தொல்லியல் துறையின் பலகை சொல்லும். உச்சியில் ஒரு கோயில் இருக்கிறது, உள்ளே மூலவர் இல்லை. அபிராமி அம்மன் கீழே ஊருக்குள் இருக்கிறாள். சிறுவயதில் சாமி இல்லாத கோயில் என்பது பயமாக இருக்கும். இப்போது, இந்த ஊரில் எதுதான் இருந்த இடத்திலேயே இருந்தது என்று தோன்றுகிறது.

மேலிருந்து பார்த்தால் ஊரின் மேற்கிலும் வடக்கிலும் விரியும் செம்மண் சமவெளி தெரியும். ஒரு காலத்தில் கிணற்றுப் பாசனத்தில் புகையிலை விளைந்த பூமி. கீழே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஸ்பென்சர் காம்பவுண்ட் என்ற பெயர் இன்னும் புழங்குகிறது. சென்னை மவுண்ட் ரோட்டு ஸ்பென்சர் கம்பெனி இங்கே நடத்திய சுருட்டுத் தொழிற்சாலையின் மிச்சம் அந்தப் பெயர்.

சுருட்டின் கதை எனக்கு ஷெர்லாக் ஹோம்ஸ் வழியாகத்தான் தெரியும். 1887-ல் வந்த முதல் ஹோம்ஸ் கதையான 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்'டில், கீழே கிடக்கும் சாம்பலை வைத்தே கொலையாளி பிடித்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று ஹோம்ஸ் கண்டுபிடித்துவிடுவார். 1890-ல் வந்த 'தி சைன் ஆஃப் ஃபோர்' நாவலில் மறுபடியும் திருச்சிச் சுருட்டின் கறுப்புச் சாம்பல் வருகிறது. கூடவே 'லங்கா' என்ற இன்னோர் இந்தியச் சுருட்டும் வருகிறது. லங்கா என்றால் கோதாவரி ஆற்றின் நடுவே இருக்கும் தீவுத் திட்டுகள். அந்தப் புகையிலை விளைந்த மண்ணின் பெயரே சுருட்டுக்கு. ஆனால் திருச்சிச் சுருட்டுக்குப் போன இலையில் பெரும் பங்கு எங்கள் பக்கத்து இலை. ஊசிக்கப்பல், வாரக்கப்பல் என்று ரகப் பெயர்கள்கூட இருந்தன. கோதாவரிக்காரனின் மண் கதைக்குள் போனது. எங்கள் இலை திருச்சிக்குப் போய், அங்கே உருண்டு, அந்த ஊர்ப் பெயரைப் போட்டுக்கொண்டு லண்டனுக்குக் கப்பல் ஏறியது. 'திண்டிகல்' என்ற பெயரிலும் சுருட்டு விற்றதுண்டு, புகையிலை வியாபாரிகளுக்கு அந்தப் பெயர் தெரியும். கோனன் டாயிலுக்குத் தெரிந்தது திருச்சிதான். ஆங்கிலத்தின் 'செரூட்' என்ற வார்த்தைகூட 'சுருட்டு' என்ற தமிழ்ச்சொல்லிலிருந்து போனது. பொருளும் போய், வார்த்தையும் போய், ஊர் மட்டும் இங்கேயே நின்றுவிட்டது.

(சர்ச்சில் திண்டுக்கல் சுருட்டுதான் பிடிப்பார் என்று எங்கள் ஊர் டீக்கடைகளில் இன்றும் சொல்வார்கள். ஆதாரம் கேட்டால் டீ வராது. அவர் விரும்பிப் பிடித்தது ஹவானா சுருட்டுகள் என்பதுதான் உலகமறிந்த செய்தி. ஆனாலும் இந்தக் கதை எதற்காக இங்கே இவ்வளவு நாள் உயிரோடு இருக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. நம் பொருளை யாரோ ஒருத்தன் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினான் என்று நம்ப வேண்டியிருக்கிறது.)

புகையிலை விஷயத்தில் ஒன்றைக் குறித்து வைக்க வேண்டும், பின்னால் தேவைப்படும். புகைக்கும் இலைக்கு உப்புத் தண்ணீர் ஆகாது. தண்ணீரில் குளோரைடு கூடினால் இலை சரியாக எரியாது, நடுவிலேயே அணைந்துபோகும். மெல்லும் புகையிலை ஓரளவு தாக்குப்பிடிக்கும். எந்தக் கிணற்றுத் தண்ணீர் எந்த இலைக்கு என்பது இங்கே விவசாயிகளுக்கு வாயில் ஊற்றிப் பார்த்தாலே தெரியும். 1948-ல் வேடசந்தூரில் சுருட்டுப் புகையிலைக்கென ஓர் ஆராய்ச்சி நிலையமே தொடங்கினார்கள்.

*

சேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரை ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் சின்னாளப்பட்டி. ஆறேழு வயதில் எனக்குத் தெரிந்த எல்லாப் பெண்களும் கட்டியது அந்த ஊர்ச் சுங்குடிதான். வெயிலுக்கு அதைப்போல ஒரு துணி இல்லை. 2005-ல் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அதன் பெயர் மதுரைச் சுங்குடி. அதில் தப்பும் இல்லை. முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் அந்தக் கலை மதுரை சௌராஷ்டிரர்களுடையது. சின்னாளப்பட்டிக்காரர்களும் புகார் சொல்லி நான் கேட்டதில்லை. வாங்குகிறவர்கள் மதுரைச் சுங்குடி கேட்டால் மதுரைச் சுங்குடி, சின்னாளப்பட்டிச் சுங்குடி கேட்டால் சின்னாளப்பட்டிச் சுங்குடி.

*

தோல்தான் நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பொருள்.

பேகம்பூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தோல்ஷாப் என்றால் முதலில் வாடைதான் ஞாபகம் வரும். ஆங்கிலத்தில் டேனரி என்பதை இங்கே யாரும் பதனிடும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, தோல்ஷாப்தான். பச்சைத்தோல் அழுகாமல் இருக்க உப்பைத் தேய்த்துக் கொண்டுவருவார்கள். உப்பைக் கழுவி, சுண்ணாம்பில் ஊறவைத்து, முடி எடுத்து, சதை வழித்து, பிறகு ஆவாரம்பட்டைச் சாறில் போட்டு, கடைசியில் கடுக்காயில் போட்டால் தோல் கெட்டுப்போகாத சரக்காக மாறும். ஆவாரை இந்தச் செம்மண்ணில் தானாக முளைப்பது. ரயில் வந்ததும் இந்தத் தோல் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் போனது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் மனிதர்களோடு மாடுகளும் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது சென்னை மாகாணத்திலிருந்து தோல் ஏற்றுமதி ஏறியது. பஞ்சம் வரும்போது ஏறும் கணக்கு என்று ஒன்று எப்போதும் இருக்கத்தான் செய்கிறது. லண்டன் சந்தையில் இந்தப் பாதிப் பதனிட்ட தோலின் பெயர் 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்'. திண்டுக்கல் இல்லை, மெட்ராஸ்கூட இல்லை. கிழக்கிந்தியா.

1973-ல் மத்திய அரசு பச்சைத்தோல் ஏற்றுமதியைத் தடை செய்தது. பாதிப் பதனிட்ட தோலுக்கும் கட்டுப்பாடு வந்தது. முழுசாக முடித்த தோலை, செருப்பை, ஷூவை ஏற்றுமதி செய்தால் அதிக டாலர் வரும் என்பது யோசனை. தப்பான யோசனை என்று சொல்ல முடியாது. வேலை வாய்ப்பு பெருகியது, டாலரும் வந்தது. ஆனால் பாதித் தோலில் பாதி அழுக்கு என்றால், முழுத் தோலில் முழு அழுக்கு. இத்தாலிக்காரன் ஊரில் ஓட வேண்டிய கழிவு எங்கள் ஊரில் ஓடியது. ஆவாரம்பட்டையின் இடத்தில் குரோமியம் உப்பு வந்தது. ஒரு கிலோ தோலை முடிக்க முப்பத்தைந்து லிட்டர் தண்ணீர் என்று உச்ச நீதிமன்றம் பின்னால் ஒரு தீர்ப்பில் பதிவு செய்தது.

குரோமியத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அது வண்டலில் படியக்கூடியது, பிரித்தெடுக்க வழிகள் உண்டு. தோலிலிருந்து முதலில் கழுவி விடுகிறார்களே அந்தச் சாதாரணச் சாப்பாட்டு உப்பு, அது தண்ணீரில் கரைந்து தண்ணீராகவே போய்விடுகிறது. சாதாரணச் சுத்திகரிப்பு அதைத் தொடுவதில்லை. மண்ணுக்குள் இறங்கி, பாறை இடுக்கில் நகர்ந்து, ஒரு நாள் யாரோ ஒருத்தர் கிணற்றில் வந்து நிற்கும்.

எங்கள் கிணற்றில் வந்து நின்றது.

*

ரெட்டியார்சத்திரம் ஒன்றியத்தில் ஒரு ஊரில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் இருந்தது. தாத்தா சீக்கிரமே போய்விட்டதால் அப்பத்தாதான் பார்த்துக்கொண்டார். கிணற்றை ஆழப்படுத்தி, கரண்ட் மோட்டார் போட்டு, வெங்காயமும் கொஞ்சம் புகையிலையும் நாற்பது தென்னையும் வைத்திருந்தார். எனக்கு ஞாபகம் இருப்பது இவ்வளவுதான்: தென்னை மட்டைகள் ஓரம் கருகிச் சுருண்டு தொங்கியது, மோட்டார் போட்டால் தொட்டியில் நுரை கட்டியது, தண்ணீர் காய்ந்த வாய்க்காலில் வெள்ளையாகப் படிந்திருந்ததை நக்கிப் பார்த்து அப்பத்தாவிடம் அடி வாங்கியது.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தின் முக்கியமான பொருள் பிளாஸ்டிக் குடம். திண்டுக்கல்லின் சரித்திரத்தை ஒரே பொருளில் சொல்லச் சொன்னால் நான் பூட்டைச் சொல்ல மாட்டேன், அந்தக் குடத்தைத்தான் சொல்வேன். பித்தளைக் குடம் தண்ணீர் நிறைந்த பிறகு இடுப்பில் ஏறாது. மண்குடம் லாரியிடம் நடக்கும் தள்ளுமுள்ளில் உடையும். பிளாஸ்டிக் குடத்தைக் காலையிலேயே வரிசையில் போட்டுவிட்டு வேலைக்குப் போகலாம். குடம் நமக்குப் பதிலாக நிற்கும். யாருடைய குடம் என்று தெரிவதற்காக அப்பத்தா ஒரு கம்பியைச் சூடு பண்ணி எங்கள் குடத்தின் கழுத்தில் அப்பாவின் இனிஷியலைப் போட்டு வைத்திருந்தார். பெயர் போட்டு வைக்க வேண்டிய பொருள் எங்கள் வீட்டில் அது ஒன்றுதான் இருந்தது. 1997-ல் நாங்கள் டவுனுக்குக் குடிவந்தோம். ஆத்தூர் காமராஜர் அணையிலிருந்து வரும் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்பதை வைத்துத்தான் வீட்டில் எந்த விசேஷத்துக்கும் தேதி குறித்தோம். அப்பா மில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்தத் தீர்ப்பை நான் படித்தது மிகத் தாமதமாக, ஒரு ராத்திரி பெங்களூரில், சும்மா இணையத்தில் மேய்ந்துகொண்டிருந்தபோது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் தொடுத்த வழக்கு. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. சட்டம் படிக்கிறவர்களுக்கு இது பெரிய தீர்ப்பு. மாசுபடுத்துகிறவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும், ஆபத்து முழுதாக நிரூபணமாகும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது இதில்தான். ஐந்து மாவட்டங்களின் தோல்ஷாப்புகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். அதில் ஒரு மாவட்டம் திண்டுக்கல் அண்ணா. இழப்பை மதிப்பிட்டு ஈடு வாங்கிக் கொடுக்க ஓர் அமைப்பை உருவாக்கவும் உத்தரவிட்டது.

தீர்ப்புக்குள் ஓர் இடத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கணக்கெடுப்பு வருகிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்கள். குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளைப் பார்த்திருக்கிறார்கள். அதில் 350 கெட்டுப்போனவை. இணையத்தில் கிடைக்கும் பிரதியில் ரெட்டியார்சத்திரம் 'பெட்டியார் சத்திரம்' என்று இருக்கிறது. டைப் அடித்தவரின் பிழையாக இருக்கலாம், ஸ்கேன் செய்த மெஷினின் பிழையாக இருக்கலாம். நான் அந்த வரியில் ரொம்ப நேரம் நின்றேன். சுருட்டு திருச்சியாகப் போனது, தோல் கிழக்கிந்தியாவாகப் போனது. அவையெல்லாம் வியாபாரம், அதில் பெயர் மாறுவது சகஜம். நாட்டின் மிகப் பெரிய கோர்ட்டில், கெட்டுப்போன கிணறுகளின் கணக்கில் எங்கள் ஊர்ப் பெயர் ஒரே ஒருமுறை வருகிறது. அதுவும் தப்பாக.

பெங்களூரில் என் சொந்த ஊரைச் சொன்னால் உடனே பிரியாணி என்கிறார்கள். 1957-ல் நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ் என்று தொடங்கிய கடை, அவர் கட்டியிருந்த தலைப்பாகையால் தலப்பாக்கட்டி ஆனது. எனக்கும் பிடிக்கும், குறை சொல்லவில்லை. ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு உலகம் சுற்றும் சரக்கு கடைசியில் அதுதான். சீரகச் சம்பாவும் ஆத்தூர்த் தண்ணீரும்தான் அதன் ருசிக்குக் காரணம் என்று சொல்வார்கள். அந்தத் தண்ணீருக்குத்தான் நாங்கள் குடத்தை வரிசையில் போட்டுக் காத்திருந்தோம்.

*

மூன்றாம் நாள் போனபோது பெரியவர் பல் வெட்டாத ஒரு சாவியை எடுத்து, சிம்னி விளக்கில் காட்டிக் கரி ஏற்றினார். துவாரத்தில் விட்டு மெல்லத் திருப்பினார். வெளியே எடுத்தபோது கரியில் எட்டு மெல்லிய கீறல்கள். எந்தத் தகடு எங்கே இடிக்கிறதோ அங்கே ராவினார். மறுபடி கரி, மறுபடி திருப்பல், மறுபடி அரம். பூட்டு தன்னைத் திறக்கும் ரகசியத்தைத் தானே ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒன்றரை மணி நேரம் ஆனது. மூன்று நாள் அவர் கேட்டது இதற்காக இல்லை, கண்ணில் சொட்டு மருந்து போட்டிருந்தாராம்.

தாழ் நகர்ந்த சத்தம் பெரிதாக இல்லை. பெட்டியை அவர் முன்னால் திறக்க எனக்கு மனசில்லை. பூட்டை மறுபடி பூட்டிச் சாவியைக் கையில் வாங்கினேன். "அய்யா, இந்தச் சாவியில உங்க பேரைப் போட்டுக் குடுங்களேன்" என்றேன். சிரித்தார். முத்திரை அடிக்கும் அச்சுகள் கிடந்த தகர டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார். அத்தனையும் கடைக்காரர்களின் மார்க்குகள். ஒன்றில் யானை, ஒன்றில் நட்சத்திரம், சிலவற்றில் ஆங்கில எழுத்துகள். அவருடைய பெயருக்கு அச்சு அதில் இல்லை. "எனக்கு எதுக்குத் தம்பி? எம் பூட்டு எனக்குத் தெரியும்" என்றார். இருநூறு ரூபாய் கேட்டார், ஐந்நூறு கொடுத்தேன். மூந்நூறைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் அப்பாவும் நானும் மட்டும் இருந்தோம். பெட்டியில் நகை இருக்கும் என்று அத்தைகளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது, நகை இல்லை. மடித்த சுங்குடிச் சேலை ஒன்று. அதற்கு அடியில், பிளாஸ்டிக் பையில் சுற்றிய காகிதக் கட்டு. கிணறு ஆழப்படுத்தவும் மோட்டார் போடவும் வாங்கிய கடனுக்குத் தவணை கட்டிய ரசீதுகள், தேதிவாரியாக அடுக்கி, நூலால் தைத்து. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பினார். 1996 தாண்டியது. நாங்கள் ஊரை விட்டு வந்த 1997 தாண்டியது. கடைசி ரசீது 1999 மார்ச்.

"தண்ணி கெட்டப்பறமும் கட்டிருக்கு" என்றார். "எப்புடிக் கட்டுச்சு? அப்ப எனக்கு மில்லுல சம்பளமே ஒழுங்கா வரலையே."

நான் எதுவும் சொல்லவில்லை. அவர் ரசீதுகளின் தொகையை விரல் விட்டுக் கூட்ட ஆரம்பித்தார். பாதியில் கணக்கு விட்டுப்போய், முதலிலிருந்து மறுபடி கூட்டினார்.